பஃபலோ ஆற்றங்கரையில் இரண்டு இரவுகள்

அமெரிக்காவில் ஆர்க்கன்ஸா மாநிலத்தின் வடமேற்கு மூலையில் பெண்டன்வில் என்றோர் ஊர் இருக்கிறது. உலகப் பிரசித்தி பெற்ற வியாபார ஸ்தாபனம் ஒன்றின் தலைமைக் காரியாலயம் அங்கே இருப்பதால், அதையும் அதனைச் சுற்றி வளர்ந்த கணினிக் கம்பெனிகளையும் நம்பிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இன்று அவ்வூரில் கணிசமாக உண்டு. அவற்றில் ஒன்று என் மகளுடையது. அவளுடைய வீட்டில் ஆறு மாத காலம் விருந்தாளிகளாக இருந்த எங்களிடம், அக்டோபர் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்று நெருங்கியபோது, "இந்த வாரக் கடைசியில ஆத்தங்கரையில டென்ட் போட்டுத் தங்கப் போறோம், மாமா, நீங்களும் அத்தையும் வரணும்" என்று மாப்பிள்ளை சொன்னார். ஆற்றங்கரை என்றதும் படித்துறையும், அதற்குப் பின்னே குழாயும் மின்விளக்கும் உள்ள தங்குமிடமும் மனத்தில் தோன்ற, நாங்கள் இருவரும் உடனே சம்மதித்துவிட்டோம். அன்றிரவு என் மனைவி பிரயாணத்துக்கென்று கட்டிவைத்த மூட்டையிலிருந்து மின்சார ரைஸ் குக்கரைப் பேத்தி வெளியே எடுத்து வைத்து, "பாட்டி, அங்கே ப்ளக் கிடையாது" என்று அறிவித்த பிறகுதான், நாங்கள் ஒப்புக்கொண்ட காரியம் இன்னதென்று எங்களுக்கே விளங்கியது.

நாங்கள் போகவிருந்த, பஃபலோ ஆற்றங்கரையிலுள்ள வூலம் என்னும் இடத்தைப் 'பிரிமிட்டிவ் கேம்ப்கிரவுண்டு' என்று சொல்கிறார்கள். அகராதியைப் புரட்டினால் அம்முதற் சொல்லுக்கு 'ஆதிகாலத்திய', 'பண்படாத', 'அநாகரிகமான' என்றெல்லாம் அர்த்தம் காண்கிறது. ஆனால் அந்நாட்டு வழக்கில் அதில் இகழ்ச்சி இல்லை; தங்குமிடங்களைத் தரம் பிரிக்க உதவும் ஒரு குறி மட்டுமே. வீட்டையே சக்கரத்தின் மேல் ஏற்றிக்கொண்டு வருகிறவர்களுக்குக் குடிநீர், மின்சாரம், சாக்கடை ஆகிய மூன்றுக்கும் இணைப்புத் தருகிற இடங்கள் ஒரு கோடியிலும், முதுகுச் சுமையோடு பத்து மைல் நடந்து போய் மரத்தடியில் படுக்கிற காடுகள் மறு கோடியிலும் இருக்க, இரண்டுக்கும் நடுவில் நிற்பவை இவை. கார் கூடாரத்தின் வாசல் வரைக்கும் போகும். அதற்குமேல் அங்கே யாரும் எதுவும் தர மாட்டார்கள். குழாய் இல்லை, விளக்கு இல்லை, கடை இல்லை, அநேகமாகத் தொலைபேசி அலையும் இல்லை. சமதரையான ஒரு புல்வெளி, தண்ணீர் ஊற்ற வேண்டாத ஒரு கழிப்பறை, முன்பு வந்தவர்கள் விட்டுப்போன கரிந்த கல்வளையங்கள், எதிரே ஆறு, இவ்வளவே சொத்து. குழந்தை குட்டிகளோடும் வயோதிகர்களோடும் புறப்படுகிற குடும்பங்களுக்கு இந்த நடுத்தர மார்க்கமே ஏற்றது என்பது, இரண்டு இரவு தங்கிவிட்டு வந்த என் அபிப்பிராயம்.

இந்த வழக்கத்துக்கு வயது நூறு ஆண்டுக்குச் சற்று மேல். 1908-ல் ஹென்றி ஃபோர்டு 'மாடல் டி' என்னும் மலிவான காரை வெளியிட்டு, 1927-க்குள் ஒன்றரைக் கோடி வண்டிகளைச் சாலையில் இறக்கிவிட்டதன் விளைவாக, அதுவரை ரயில் போன இடத்துக்கே போய்க்கொண்டிருந்த சாமானிய ஜனங்கள், மிதிபலகையில் கூடாரத்தையும் தகரப் பெட்டிகளையும் கட்டிக்கொண்டு, நினைத்த இடத்தில் இறங்கிச் சமைக்கத் தொடங்கினார்கள். ஃபோர்டே இதற்கு முன்மாதிரியாக நின்றார். அவரும், விஞ்ஞானி எடிசனும், டயர் உற்பத்தியாளர் ஃபயர்ஸ்டோனும், இயற்கை எழுத்தாளர் ஜான் பரோஸும் சேர்ந்து தங்களை 'நாடோடிகள்' என்று அழைத்துக்கொண்டு, பல கோடைகளில் காடு மலைகளில் முகாமிட்டார்கள். 1921-ல் ஜனாதிபதி ஹார்டிங்கே அவர்களோடு வந்து தங்கினார். நாடோடிகள் என்று பெயரே ஒழிய, அவர்களுக்குப் பின்னால் சமையற்காரரும் பணியாட்களும் நிறைந்த லாரிகள் ஊர்ந்து வந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கார் செய்ய அறுத்த மரத்தில் மிஞ்சிய துண்டுகளை வீணாக்க மனமில்லாமல் ஃபோர்டு அவற்றைக் கரிக்கட்டிகளாக்கி விற்ற தொழில்தான், இன்று அமெரிக்கக் கொல்லைப்புறங்களில் எல்லாம் புகைகிற கிங்ஸ்ஃபோர்டு கரியாக நீடித்திருக்கிறது. 1923-ல் கோல்மன் கம்பெனியார் பெட்டி போல மடித்து எடுத்துப் போகக்கூடிய இரட்டை அடுப்பைக் கொண்டுவந்தார்கள். அதன் வம்சத்தில் பிறந்ததொரு பச்சை அடுப்பில்தான், பெட்ரோலுக்குப் பதிலாகப் பிரோபேன் வாயுவைக் கொண்டு, என் மகள் அந்த ஆற்றங்கரையில் ரவா உப்புமா கிண்டினாள்.

கூட்டம் பெருகவே தீங்கும் பெருகியது. கார்கள் மரத்தடியெங்கும் இஷ்டம்போல் ஏறி இறங்க, நிலம் இறுகிப்போய், வேர்களுக்கு நீரும் காற்றும் எட்டாமல், யாரும் வெட்டாமலே மரங்கள் பட்டுப்போயின. எமீலியோ மைனிக்கே என்னும் தாவர நோய் நிபுணர் இதைக் கண்டறிந்து, 1930-களின் தொடக்கத்தில் ஒரு திட்டம் வகுத்தார். ஒருவழியாகச் சுற்றி வரும் பாதை, அதிலிருந்து கிளைத்துப் போகும் சிறு நிறுத்தங்கள், அவற்றைத் தாண்டிக் கார் போகாதபடி புதைத்த பாறைகள், மேஜைக்கும் நெருப்புக்கும் கூடாரத்துக்கும் நிலையான இடங்கள் என்று அவர் வரைந்த அமைப்பைத்தான், வேலையற்ற இளைஞர்களைக் கொண்டு அரசாங்கம் நடத்திய வனப் பணிப் படையினர் 1933 முதல் 1942 வரை நாடெங்கும் நிர்மாணித்தார்கள். நோய் வைத்தியம் பார்க்க வந்தவர் வீதி அமைப்பாளராக முடிந்த இந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எனினும் வூலம் போன்ற திறந்த புல்வெளிகளுக்கு அவருடைய பாறைகள் கூட வந்து சேரவில்லை.

வசதியற்ற இடத்துக்குப் போவதற்கு வசதியான வீட்டிலேயே முக்கால் பங்கு வேலை முடிந்துவிட வேண்டும். அதில் முதற்கணக்கு தண்ணீர். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு காலன், அதாவது நாலு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக, குடிக்கவும் சமைக்கவும் கழுவவும் என்பது அங்கே வழங்கும் கணக்கு. நாங்கள் ஆறு பேர், இரண்டு நாள். ஆக 12 காலன் வேண்டும். மாப்பிள்ளை ஏழு காலன் பிடிக்கிற நீல நிறக் கேன்கள் இரண்டை வீட்டுக் குழாயில் நிரப்பினார். ஒவ்வொன்றும் 26 கிலோ கனத்தது. நாம் குழாயைத் திருகி அலட்சியமாக ஓடவிடுகிற ஜலத்துக்கு இத்தனை பாரம் உண்டென்பதை என் இடுப்பு அன்றைக்குத்தான் உணர்ந்தது. எதிரே ஆறு ஓடும்போது தண்ணீர் சுமப்பானேன் என்று கேட்கத் தோன்றும். அந்தப் பிரதேசத்து ஆறுகள் எவ்வளவு தெளிவாகத் தோன்றினாலும், மேலே மாடு மேய்கிற நிலங்களும் காட்டு விலங்குகளும் இருப்பதால், ஜியார்டியா என்னும் வயிற்றுக் கிருமி அவற்றில் இருக்கக்கூடும். ஒரு நிமிஷமாவது தளதளவென்று கொதித்தாலன்றி அந்நீரைப் பருகலாகாது. ஆகவே ஆற்று நீர் ஆபத்துக்கு. கேன் நீர் அன்றாடத்துக்கு.

அடுத்தது ஐஸ் பெட்டி. கடையில் விற்கும் ஐஸ் துண்டுகள் ஒரே நாளில் கரைந்து, தயிர்ப் பாத்திரத்தைத் தெப்பமாக மிதக்க விட்டுவிடும். அதற்குப் பதிலாகக் குடிநீர்ப் பாட்டில்களையே இரண்டு நாள் முன்னதாக உறைய வைத்து அடுக்கினால், கட்டி ஐஸ் மெதுவாகக் கரையும், பெட்டி நனையாது, கரைந்த பின் அதுவே பருகும் நீருமாகும். முதல் இரவுக்குச் சமையல் வைத்துக்கொள்ளலாகாது என்பது அனுபவஸ்தர்களின் விதி; ஏனெனில் போய்ச் சேர்ந்ததும் வெளிச்சம் இருக்கும்போதே கூடாரம் எழும்பியாக வேண்டும். இந்த விதியைக் கேட்டதும் என் மனைவியின் முகம் மலர்ந்தது. புளியோதரையும் தயிர்சாதமும் வறுவலும் கட்டிக்கொண்டு போவதற்கு அவளுக்கு ஒருவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. கோபுரம் போன்ற சாமான் குவியலில் அவள் செய்த மூன்று டப்பாக்கள்தான் கடைசி வரை யாருடைய குறை கூறலுக்கும் ஆளாகாதவை.

விறகு மட்டும் ஊரிலிருந்து எடுத்துப் போகவில்லை. மரகத வண்டு என்று சொல்லத்தக்க பச்சை நிறப் பூச்சியொன்று ஆசியாவிலிருந்து வந்து, அந்த நாட்டின் ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் கொன்று வருகிறது. அது தன் சிறகால் அவ்வளவு தூரம் பறக்காது. விறகுக் கட்டில் உட்கார்ந்து காரில்தான் பயணம் செய்கிறது. ஆர்க்கன்ஸாவில் அது 2014-ல் தென்பட்டது. எரிக்கிற இடத்துக்கு அருகிலேயே விறகு வாங்க வேண்டும், அல்லது தானாக விழுந்து காய்ந்ததைப் பொறுக்க வேண்டும், நிற்கிற பட்ட மரத்தைக் கூடத் தொடலாகாது என்பவை ஆகவே கண்டிப்பான முறைகள்.

ஹாரிசன் நகரைக் கடந்து தெற்கே திரும்பி, செயின்ட் ஜோ என்னும் சிற்றூருக்கு அப்பால் தார்ச்சாலையை விட்டு இறங்கியதும், வெள்ளைப் புழுதி கிளப்பும் சரளைப் பாதை மேய்ச்சல் நிலங்களினூடே வளைந்து வளைந்து இறங்கிற்று. ஓஸார்க் மலைகள் உயரமானவை அல்ல. பல கோடி ஆண்டுகளாகத் தண்ணீர் அறுத்த பழைய பீடபூமி அது. சுண்ணாம்புப் பாறையாலான அந்தப் பூமி உள்ளே குகைகளும் புழைகளும் நிறைந்து, பஞ்சைப் போல் நீரை உறிஞ்சவும் கக்கவும் வல்லது. இதனால் நேரும் ஒரு விசித்திரத்தை வூலத்திலேயே காணலாம். மழை குறைந்த மாதங்களில், அவ்விடத்துக்குக் கீழே ஆறு தன் கூழாங்கற் படுகைக்குள் மெல்ல மெல்ல மறைந்து, சில மைல் தூரம் பூமிக்கு அடியில் சஞ்சரித்துவிட்டு, அப்பால் மறுபடியும் வெளிப்படுகிறது. மறுநாள் பேரனும் நானும் கரையோரமாக நடந்து போய், பளிங்கு போன்ற மடுவில் துள்ளிய மீன்களையும், அதற்கு அடுத்தாற்போல் எலும்பு வெளுப்பில் காய்ந்து கிடந்த கற்பாளத்தையும் பார்த்தோம். "ஆறு எங்கே தாத்தா போச்சு?" என்றான். காலடியைக் காட்டினேன். அவன் உடனே குப்புறப் படுத்துக் கல்லில் காதை வைத்தான்.

போய்ச் சேர்ந்த வெள்ளி மாலையில் நான் முதலில் கண்டு திகைத்தது ஆற்றை அன்று, கரை மரங்களை. வெளிறிய பட்டையுடைய சிக்கமோர் மரங்களின் கிளைகளில், என் தலைக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில், உலர்ந்த வைக்கோலும் சுள்ளியும் ஒரு கிழிந்த துணியும் பறவைக் கூட்டைப் போலத் தொங்கின. பறவைக் கூடல்ல, வெள்ளம் வந்து வடிந்தபோது மாட்டிக்கொண்ட குப்பை. அத்தனை உயரத்துக்கு அந்த ஆறு எழும்பியிருக்கிறது, நாம் படுக்கப் போகிற புல்வெளி அதன் அடியில் கிடந்திருக்கிறது என்பதை அம்மரங்கள் எழுத்தறியாதவனுக்கும் படித்துக் காட்டின.

இவ்விஷயத்தில் சற்று நின்று சொல்லுவது அவசியம். அணை இல்லாத மலையாறு மழைக்கு உடனே பதில் சொல்லும். தலைக்கு மேல் வானம் நிர்மலமாக இருந்தாலும், முப்பது மைல் மேலே பெய்த மழை இரவோடிரவாக வந்து சேரும். ஆர்க்கன்ஸாவின் தென்மேற்கில், வாச்சிட்டா மலைக்காட்டில், லிட்டில் மிசௌரி ஆற்றங்கரையில் ஆல்பர்ட் பைக் என்னும் முகாம் இருந்தது. 2010-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் தேதி, குடும்பம் குடும்பமாக மக்கள் உறங்கிக்கொண்டிருந்த விடியற்காலத்தில், குறுகிய பள்ளத்தாக்கில் நீர்மட்டம் சில மணி நேரத்துக்குள் 20 அடிக்கு மேல் உயர்ந்து, குழந்தைகள் உட்பட 20 பேரை வாரிச் சென்றது. ஆகையினால் ஆற்றங்கரையில் தங்கச் செல்கிறவர்கள் புறப்படுமுன் வானிலை அறிக்கையை மேல்நிலப் பகுதிக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும்; புவியியல் ஆய்வுத் துறையார் ஆற்றில் நாட்டியிருக்கும் நீர்மட்டக் கருவி காட்டும் அளவையும் பார்க்க வேண்டும். ஆற்றை ஒட்டிய கூழாங்கல் திட்டு எவ்வளவு ரமணீயமாக இருந்தாலும் கூடாரத்தை அதற்கு மேலே மேட்டில் போட வேண்டும். ஏறிப் போகும் வழியைப் பகலிலேயே ஒரு முறை நடந்து பார்த்துவிட வேண்டும்.

இதற்கு மேலும் ஒரு யோசனையை எங்களுக்குச் சொன்னவர் பக்கத்துக் கூடாரத்துப் பெரியவர். எண்பது வயதை எட்டிய, நீல நிற மேலங்கி அணிந்த அந்த மனிதர், மாப்பிள்ளை காரை ஆற்றைப் பார்க்க நிறுத்தியதைக் கண்டு, தடியை ஊன்றிக்கொண்டு வந்து, காரின் முகம் எப்போதும் சாலையை நோக்கியே இருக்க வேண்டும் என்றும், சாவி எங்கே தொங்குகிறது என்பது சிறு குழந்தைக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். இருட்டில் மழையில் பின்னோக்கி ஓட்டித் திரும்புகிற நிமிஷம்தான் மனிதனை முடக்கிவிடும் என்பது அவருடைய காரணம். மாப்பிள்ளை மறுபேச்சில்லாமல் காரைத் திருப்பி நிறுத்தினார்.

கூடாரம் அடிப்பதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இக்காலத்துக் கூடாரங்கள் குடையைப் போல் விரிந்துவிடுகின்றன. ஒரே ஒரு நுட்பம் உண்டு. அடியில் விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தின் தரையைவிட நாலு விரல் சிறியதாக இருக்க வேண்டும், அல்லது ஓரத்தை உள்ளே மடித்துவிட வேண்டும். பெரிதாக நீட்டிக்கொண்டிருந்தால், மேற்கூரையிலிருந்து வழியும் மழை அதில் தேங்கி, கூடாரத்துக்கு அடியில் ஓடிப் படுத்திருப்பவரைக் கீழிருந்து நனைத்துவிடும். சில வருஷங்களுக்கு முன்னே முதன்முதலாகப் போனபோது இவ்வாறே முழு இரவும் நனைந்ததாக மகள் சொன்னாள். மாப்பிள்ளை அப்போது ஆணி அடிப்பதில் வெகு கவனமாக ஆழ்ந்திருந்தார். சுத்தியலை வீட்டில் மறந்துவிட்டபடியால், கைக்கடக்கமான ஓர் ஆற்றுக்கல்லே சுத்தியல் வேலை செய்தது. 'பிரிமிட்டிவ்' என்ற சொல்லுக்கு அகராதி தந்த அர்த்தம் அப்போது நினைவுக்கு வந்தது.

கழிப்பறையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பெண்டிர் இக்கட்டுரையை நம்ப மாட்டார்கள். தண்ணீர் இல்லாத கழிப்பறை என்றதும் மூக்கைப் பொத்திக்கொண்டு போன என் மனைவி, ஆச்சரியத்தோடு திரும்பி வந்தாள். நிலத்தடியில் கசியாத ஒரு பெருந்தொட்டி, அதிலிருந்து கூரைக்கு மேலே உயர்ந்து நிற்கும் தடித்த கறுப்புக் குழாய், இவ்வளவுதான் யந்திரம். வெயில் பட்டுக் குழாய் சூடேற, உள்ளிருக்கும் காற்று லேசாகி மேலே எழும்புகிறது. அதன் இடத்தை நிரப்ப அறையின் காற்று இருக்கையின் துவாரம் வழியாகக் கீழே இழுக்கப்படுகிறது. ஆக நாற்றம் மேலே வருவதற்குப் பதிலாகக் கீழே போய் வானத்தில் கலக்கிறது. சூரியனைக் காவற்காரனாக வைத்த இந்தச் சுலபமான ஏற்பாட்டை நம் ஊர்ப் பொறியியலாளர்களும் கவனிக்கலாம். குப்பையை மட்டும் அதில் போட்டால் தொட்டியைக் காலி செய்கிறவர்களின் குழாய் அடைத்துக்கொள்ளும். அதனால் எல்லாக் குப்பையும் நம்மோடு காரில் திரும்பி வர வேண்டும்.

சூரியன் மலைக்குப் பின்னே சாய்ந்ததும் குளிர் இறங்கிற்று. ஆற்றங்கரை ஏன் மலைமுகட்டைவிட அதிகமாகக் குளிர்கிறது என்பது எனக்குப் புதிய செய்தி. இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவுகளில் தண்ணீரைப் போலவே வழிந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. அதோடு ஆற்று ஈரமும் சேர்ந்து விடியற்காலத்தில் மூடுபனியாக நிற்கிறது. மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் தரை கீழிருந்து உடற்சூட்டை உறிஞ்சுமாதலால், முதலில் வேண்டியது அடியில் விரிக்கும் தடித்த மெத்தைப் பாய்தான். குளிருக்காகக் கரி அடுப்பையோ வாயு அடுப்பையோ கூடாரத்துக்குள் கொண்டுபோவது மட்டும் மரணத்தை அழைப்பதாகும்; கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத கார்பன் மோனாக்ஸைடு உறக்கத்திலேயே உயிரை வாங்கிவிடும்.

புளியோதரை முடிந்து நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். அமெரிக்கக் குழந்தைகளுக்கு இந்த வேளையில் மார்ஷ்மல்லோ என்னும் பஞ்சு போன்ற வெண்ணிற மிட்டாயைக் குச்சியில் குத்தி வாட்டித் தின்பது ஒரு சம்பிரதாயம். அதில் மாமிச சம்பந்தமான ஜெலட்டின் சேருமாகையால், அது சேராத ஒரு வகையை இந்தியக் கடையில் தேடி வாங்கி வைத்திருந்தாள் மகள். பேத்தி நாலைக் கரியாக்கி ஐந்தாவதில் தேர்ச்சி பெற்றாள். காட்டுக்குள் ஓர் ஆந்தை அலறிற்று. 'உனக்கு யார் சமைக்கிறார்கள்?' என்று அந்த வகை ஆந்தை ஆங்கிலத்தில் கேட்பதாக அந்நாட்டார் சொல்வதுண்டு. இதை மகள் விளக்கியதும், "நாற்பத்தைந்து வருஷமா நான்தான்" என்று இருட்டைப் பார்த்து என் மனைவி பதில் சொன்னாள்.

பிறகு நெருப்பு தணிந்தது, வானம் வெளிப்பட்டது. பஃபலோ ஆற்றுப் பிரதேசத்துக்கு 2019-ஆம் ஆண்டில் சர்வதேச இருள்வான் பூங்கா என்ற அங்கீகாரம் கிடைத்திருக்கிறது; அதாவது ஊர் விளக்குகளின் ஒளி கெடுக்காத இருட்டு அங்கே பாதுகாக்கப்படும் பொருள்களில் ஒன்று. நான் பால்யத்தில் மொட்டை மாடியில் படுத்துப் பார்த்து, பிறகு அரை நூற்றாண்டாக எங்கே போயிற்று என்று விசாரிக்கக்கூட மறந்துவிட்ட ஆகாய கங்கை, கூடாரத்துக்கு நேர் மேலே தென்மேற்கு நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்றுமில்லாத இந்த இடம் தானாக ஒன்றுமில்லாமல் இருந்துவிடவில்லை. பஃபலோ ஆறு பாஸ்டன் மலைகளில் உற்பத்தியாகி, ஏறக்குறைய 150 மைல் கிழக்கே ஓடி ஒயிட் ஆற்றில் விழுகிறது. ஒயிட் ஆற்றிலும் அதன் கிளைகளிலும் ராணுவப் பொறியாளர் படையினர் ஒன்றன்பின் ஒன்றாகப் பெரிய அணைகளைக் கட்டிக்கொண்டே வந்து, பஃபலோவின் மீதும் இரண்டு இடங்களைக் குறித்து வைத்திருந்தார்கள். மின்சாரமும் வெள்ளத் தடுப்பும் உல்லாசப் பிரயாணிகளும் வந்தால் ஏழை ஜில்லாக்கள் செழிக்கும் என்று உள்ளூரில் பலர் நம்பியதில் தவறொன்றும் சொல்ல முடியாது. எதிர்த்துக் கிளம்பியவர் பெண்டன்வில்லில் பிரசவ வைத்தியராக இருந்த டாக்டர் நீல் காம்ப்டன். 1962-ல் அவரும் நண்பர்களும் ஓஸார்க் சங்கத்தை ஸ்தாபித்தார்கள்; அதே வருஷம் உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் ஓ. டக்ளஸ் ஓடத்தில் வந்து ஆற்றைப் பார்த்துவிட்டுப் போனது நாட்டின் கவனத்தைத் திருப்பியது. 1965 டிசம்பரில் மாநில கவர்னர் ஆர்வல் ஃபாபஸ் அணைக்குத் தம் ஆதரவு இல்லையென்று எழுதிவிட்டார். 1957-ல் லிட்டில் ராக் நகரில் கறுப்பினக் குழந்தைகள் பள்ளிக்குள் நுழையாதபடி படையை நிறுத்திய அதே ஃபாபஸ்தான் இவர். சரித்திரம் அவருக்கு வரவு வைக்கக்கூடிய சிலவற்றில் இந்தக் கடிதம் ஒன்று. முடிவில், எல்லோஸ்டோன் பூங்கா ஏற்பட்டுச் சரியாக நூறு வருஷம் நிறைந்த 1972 மார்ச் 1-ஆம் தேதி, ஜனாதிபதி நிக்ஸன் கையெழுத்திட, பஃபலோ அந்நாட்டின் முதல் 'தேசிய ஆறு' ஆயிற்று. 135 மைல் நீளத்துக்கு அதன் குறுக்கே எந்தச் சுவரும் எழும்பாது. குழாயும் விளக்கும் இல்லாத ஒரு கரையை அப்படியே விட்டுவைக்க, பத்து வருஷப் போராட்டமும் அமெரிக்கக் காங்கிரஸின் ஒரு சட்டமும் வேண்டியிருந்தன.

இந்த வெற்றிக்கு விலை கொடுத்தவர்கள் வேறு. அணை வந்தாலும் பூங்கா வந்தாலும் நிலம் போவது கரையிலிருந்த குடியானவர்களுடையது. பாக்ஸ்லி பள்ளத்தாக்கைப் போன்ற சில இடங்களில் குடும்பங்கள் தொடர்ந்து வசித்துப் பயிரிட ஏற்பாடு செய்யப்பட்டது. மற்றப் பல இடங்களில் தலைமுறை தலைமுறையாக உழுத பூமியை அரசாங்கம் வாங்கிற்று, மனமில்லாதவர்களிடமிருந்தும் வாங்கிற்று. எங்கள் பக்கத்துக் கூடாரத்துப் பெரியவரின் பாட்டனார் இரண்டு வளைவுக்கு அப்பால் ஆற்றோரத்தில் மக்காச்சோளம் போட்டவராம். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அவர் வந்து மூன்று இரவு தங்கிவிட்டுப் போகிறார். "அணையைவிட இது தேவலை, அப்போது தண்ணீருக்கு அடியில் அல்லவா போயிருக்கும்" என்ற கருத்தில் அவர் சொன்னதில், சமாதானம் எவ்வளவு, கசப்பு எவ்வளவு என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை.

சனிக்கிழமை முழுவதும் சமையலும் கழுவலுமாகவே போயிற்று. இதைக் குறையாகச் சொல்லவில்லை. குழாயடியில் பத்து நிமிஷத்தில் முடிகிற வேலை இங்கே அரை நாளை நிறைத்து, ஆளுக்கொரு பங்கு கொடுத்து, எல்லோரையும் ஓரிடத்தில் உட்கார்த்தி வைத்தது. வீட்டில் தம் தம் கண்ணாடித் திரைகளுக்குள் மறைந்திருக்கும் என் பேரக் குழந்தைகள், வெங்காயம் உரிக்கவும் விறகை அளவு பார்த்து அடுக்கவும் போட்டி போட்டார்கள். பாத்திரம் கழுவ ஆற்றுக்குப் போகலாகாது. சோப்பு எந்த வகையாயினும் ஆற்றுக்கு விஷமே. கரையிலிருந்து 200 அடி, அதாவது வளர்ந்தவர் காலால் எழுபது தப்படி, தள்ளி வந்து கழுவி, கழுநீரைத் தேநீர் வடிகட்டியில் வடித்துப் பருக்கைகளைக் குப்பைப் பையில் போட்டு, நீரை மட்டும் புல்லில் அகலமாக வீச வேண்டும். அன்றிரவு அடுப்படியை ஒழுங்காக மூடாமல் விட்டதற்குத் தண்டனையாக, ராக்கூன் என்னும் முகமூடித் திருடன் வந்து, ஐஸ் பெட்டியின் தாழ்ப்பாளை மனிதனைப் போலத் திறந்து, அப்பளக் கட்டைச் சுவை பார்த்துப் பிடிக்காமல் போட்டுவிட்டு, ரொட்டியோடு போய்விட்டது. கரடியும் உலவுகிற காடு அது. உணவு முழுவதும் இரவில் காருக்குள்தான் இருக்க வேண்டும் என்ற விதியை நாங்கள் ஒரு ரொட்டி விலையில் கற்றோம். புல்லில் நடந்தவர்கள் படுக்குமுன் கணுக்காலிலும் இடுப்பிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதும் அங்கே நித்திய கர்மம்.

ஞாயிறு மத்தியானம் கூடாரம் மடங்கியது. இரண்டாவது கேனில் ஒன்றரைக் காலன் போல மிஞ்சியிருந்தது. நெருப்பை அணைக்க மண்ணைத் தள்ளி மூடினால் அடியில் கனல் நாள் கணக்கில் உயிரோடிருக்கும். நீரை ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையால் தொட்டுப் பார்த்துச் சூடில்லை என்று கண்ட பிறகே கிளம்ப வேண்டும். பேரன் கேனைச் சாய்த்தான், பேத்தி கிளறினாள். கடைசிச் சொட்டு வடிந்தபோது மாப்பிள்ளை ஒரு தகவல் சொன்னார். பெண்டன்வில் வீட்டுக் குழாயில் வருவது பீவர் ஏரித் தண்ணீர். அந்த ஏரியோ 1960-களில் ஒயிட் ஆற்றின் குறுக்கே கட்டிய அணையில் தேங்கியது. அணையில்லாத ஆற்றின் கரையில் இரண்டு நாளும் நாங்கள் குடித்தது அணைத் தண்ணீர். சாம்பலில் ஊற்றியது போக மிச்சம் கூழாங்கல்லுக்குள் இறங்கிற்று. அந்தச் சரிவில் இறங்கும் நீரெல்லாம் பஃபலோவில் சேர்ந்து, அதன் வழியே ஒயிட் ஆற்றுக்குத்தான் போகிறது.